மருந்து விலையைப் பேரம் பேசாதே: ஒரு சட்ட வரியும், லாபியைக் கட்டுப்படுத்தும் வழிகளும்

2003 நவம்பர் 22, சனிக்கிழமை. விடியற்காலை மூன்று மணிக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகேர். அதில் மருந்துக் கடையில் வாங்கும் மருந்துகளின் செலவையும் சேர்த்துக்கொள்வதுதான் மசோதா. வாக்கெடுப்பு வழக்கமாகக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்று மசோதா தோற்கப்போகிறது என்று தெரிந்ததும் ஆளுங்கட்சித் தலைவர்கள் வாக்கெடுப்பை முடிக்காமல் இழுத்தார்கள். எதிர்த்து வாக்களித்த சொந்தக் கட்சிக்காரர்களை ஓரம்கட்டிப் பேசினார்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கழித்து, 220க்கு 215 என்று மசோதா தேறியது. டிசம்பர் 8-ஆம் தேதி அதிபர் புஷ் கையெழுத்திட்டார்.

முதியவர்களுக்கு மருந்துச் செலவில் உதவி கிடைப்பது நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பெரிய சட்டத்துக்குள் ஒரு சின்னப் பிரிவு இருந்தது. மருந்து நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் விலை பேசிக்கொள்ளும்போது சுகாதார அமைச்சர் தலையிடக் கூடாது என்றது அது. அதாவது, உலகிலேயே மிக அதிகமாக மருந்துக்குப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர்களில் ஒருவரான அமெரிக்க அரசு, 'கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்' என்று கேட்கக் கூடாது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் துறை, அதே அரசின் இன்னொரு கை, தன் மருந்துகளுக்குத் தானே விலை பேசி வந்தது. அங்கே அது குற்றமில்லை. மெடிகேருக்கு மட்டும் தடை.

இந்தத் தடையால் என்ன வித்தியாசம் என்பதை அமெரிக்க அரசுத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ பின்னாளில் கணக்குப் போட்டது. 399 மருந்துகளை எடுத்துக்கொண்டு 2017-ஆம் ஆண்டின் விலைகளை ஒப்பிட்டதில், தள்ளுபடிகளை எல்லாம் கழித்த பிறகும், முன்னாள் ராணுவத்தினர் துறை கொடுத்த விலை மெடிகேர் கொடுத்ததைவிடச் சராசரியாக 54 சதவீதம் குறைவு.

இப்படி ஒரு வரி சட்டத்துக்குள் எப்படி வருகிறது, வந்தால் எப்படி வெளியேற்றுவது, இனி வராமல் எப்படித் தடுப்பது என்பவைதான் லாபியைக் கட்டுப்படுத்துவது பற்றிய விவாதம் முழுவதும்.

லாபி என்றால் லஞ்சமா?

இல்லை. இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு சட்டமோ வரியோ மானியமோ தமக்குச் சாதகமாக அமைய வேண்டும் என்று, சட்டம் போடுபவர்களையும் அதிகாரிகளையும் சந்தித்துப் பேசுவதுதான் லாபி செய்வது. அதையே தொழிலாக, சம்பளத்துக்குச் செய்பவர்கள் லாபிக்காரர்கள். லஞ்சம் கொடுப்பது அமெரிக்காவில் குற்றம். லாபி செய்வது உரிமை. குறைகளைத் தீர்க்கும்படி அரசிடம் முறையிடும் உரிமையை அவர்களுடைய அரசியலமைப்பின் முதல் திருத்தமே மக்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதனால் 'லாபியையே தடை செய்துவிடலாமே' என்ற யோசனை அங்கே வாசலைக்கூடத் தாண்டாது.

தாண்டவும் கூடாது என்றே நான் நினைக்கிறேன். லாபி செய்பவர்கள் எல்லாரும் மருந்துக் கம்பெனிக்காரர்கள் இல்லை. புற்றுநோயாளிகளுக்கான சங்கம் லாபி செய்கிறது. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் செய்கின்றன. பல்கலைக்கழகங்கள், நகராட்சிகள், தொழிற்சங்கங்கள் எல்லாம் செய்கின்றன. ஓய்வுபெற்றோருக்கான பெரிய அமைப்பான ஏஏஆர்பி 2003 மசோதாவை ஆதரித்தது. பின்னாளில் விலை பேசும் அதிகாரம் வேண்டும் என்று அதே அமைப்பு போராடவும் செய்தது. ஒரு சட்டத்தால் பாதிக்கப்படப் போகிறவர், அதைப் போடுகிறவரிடம் போய்ப் பேசக் கூடாது என்றால் அப்புறம் ஜனநாயகம் எதற்கு?

சிக்கல் எங்கே என்றால், பேசுபவர்களின் குரல் ஒரே அளவில் இல்லை. அமெரிக்காவில் மத்திய அரசு அளவில் மட்டும் பதிவுபெற்ற லாபிச் செலவு இப்போது ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல். இதில் மருந்து மற்றும் மருத்துவப் பொருள் துறை மட்டுமே 35 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கிறது. நோயாளிகள் சங்கம் ஒன்று அனுப்பும் ஒரே ஆள் காத்திருக்கும் அதே வரவேற்பறையில், மறுபக்கத்துக்காக ஒரு படையே உட்கார்ந்திருக்கும்.

ஏன் சிலரே எப்போதும் ஜெயிக்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ளச் சர்க்கரை ஒரு நல்ல உதாரணம். அமெரிக்கா தன் கரும்பு, பீட்ரூட் சர்க்கரை உற்பத்தியாளர்களைக் காக்க 1930-களிலிருந்தே ஏதோ ஒரு வடிவில் திட்டம் வைத்திருக்கிறது. இறக்குமதிக்கு வரம்பு, உள்நாட்டு விலைக்கு அரசின் தாங்கல். இதனால் அங்கே சர்க்கரை விலை உலகச் சந்தையைவிட எப்போதும் அதிகம். நுகர்வோர் இதற்காக ஆண்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது 250 கோடி முதல் 350 கோடி டாலர் வரை என்று 2023-இல் வெளிவந்த ஜிஏஓ அறிக்கை சொல்கிறது.

தொகை பெரிது. ஆனால் 33 கோடிப் பேருக்கு வகுத்துப் பாருங்கள். தலைக்கு எட்டு, பத்து டாலர். ஒரு வருஷத்துக்கு. இதற்காக யாராவது வேலையை விட்டுவிட்டு வாஷிங்டனுக்குப் போய் எம்.பி.யைப் பார்ப்பார்களா? அப்படி ஒரு திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. மறுபக்கத்தில், ஃப்ளோரிடா கரும்பு முதலாளிக்கும் மினசோட்டா பீட்ரூட் விவசாயிக்கும் இந்தத் திட்டம்தான் பிழைப்பு. அவர்கள் சங்கம் வைப்பார்கள், ஆள் வைப்பார்கள், தேர்தலுக்கு நிதி கொடுப்பார்கள், ஒவ்வொரு வேளாண் மசோதாவின்போதும் தவறாமல் வந்து நிற்பார்கள். லாபம் சிலர் கையில் குவிகிறது, நஷ்டம் எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது. கெட்டவர் என்று இதில் யாருமே தேவையில்லை. கணக்கே அப்படி அமைந்திருக்கிறது.

அரசின் செலவு ஏன் ஒருமுறை ஏறினால் இறங்குவதில்லை என்பதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு மானியத்துக்கும் அதைக் காக்க ஒரு கூட்டம் இருக்கிறது. அதைக் குறைக்கச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அறைக்குள் என்ன நடக்கிறது

சினிமாவில் காட்டுகிற மாதிரி பெட்டி கைமாறுவது அபூர்வம். பெரும்பாலும் கைமாறுவது காகிதம். ஓர் எம்.பி.யின் அலுவலகத்தில் மருத்துவக் கொள்கையைக் கவனிப்பது இருபத்தைந்து, முப்பது வயது உதவியாளர் ஒருவராக இருக்கும். அவரே கல்வியையும் தொழிலாளர் விவகாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். மருந்துக் காப்புரிமை பற்றி நாளை காலைக்குள் ஒரு குறிப்பு வேண்டும். அப்போது இருபது வருஷ அனுபவமுள்ள லாபிக்காரர் வருகிறார். புள்ளிவிவரம், சட்ட வாசகம், எதிர்க்கேள்விக்குப் பதில் எல்லாம் தயாராக வைத்திருக்கிறார். அவர் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, தமக்கு வசதியான உண்மைகளை மட்டும் சொன்னால் போதும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2013-இல் வெளிவந்த ஒரு செய்தி சாட்சி. வங்கிகளின் சூதாட்டம் போன்ற வியாபாரங்களைக் கட்டுப்படுத்த 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு போட்ட சட்டத்தைத் தளர்த்தும் மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபைக் குழுவில் நிறைவேறியது. அதன் 85 வரிகளில் 70க்கும் மேற்பட்டவை சிட்டி குழும வங்கியின் பரிந்துரைகளை ஒட்டியே இருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. கொஞ்சம் சத்தம் எழுந்தது, அடங்கியது. 2014 டிசம்பரில், நிறைவேற்றியே ஆக வேண்டிய ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட செலவு மசோதா ஒன்றின் நடுவில் அந்த ஏற்பாடு செருகப்பட்டுச் சட்டமாகிவிட்டது. அரசாங்கமே மூடிவிடும் என்ற நெருக்கடியில் யார் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடிப்பார்கள்?

காகிதத்துக்கு அடுத்தது வேலை. இங்கேதான் நம் மருந்துக் கதைக்குத் திரும்ப வேண்டும். 2003 மசோதாவை நடத்திக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் லூசியானா எம்.பி. பில்லி டாசின், மருந்து விவகாரங்களைக் கவனிக்கும் குழுவின் தலைவர். மசோதா சட்டமானது. 2005 ஜனவரியில் அவர் பதவியை விட்டு வெளியேறி, மருந்து நிறுவனங்களின் லாபிச் சங்கமான பார்மாவின் தலைவரானார். சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. அரசு தரப்பில் மெடிகேரை நிர்வகித்து, மசோதாவைத் தயாரிப்பதில் பங்கெடுத்த தாமஸ் ஸ்கல்லி, அந்த வேலையில் இருந்தபடியே வெளியே வேலை தேட விதிவிலக்கு வாங்கியிருந்தார். மசோதா முடிந்ததும் அவரும் ஒரு சட்ட-லாபி நிறுவனத்துக்குப் போனார்.

இதைவிடக் கனமான ஒரு விஷயம் உண்டு. மெடிகேரின் தலைமைக் கணக்காளர் ரிச்சர்ட் ஃபாஸ்டர், இந்தத் திட்டத்துக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 53,400 கோடி டாலர் ஆகும் என்று கணித்தார். நாடாளுமன்றத்தின் கையில் இருந்த மதிப்பீடு 39,500 கோடி. தன் கணக்கை எம்.பி.க்களுக்குக் கொடுத்தால் வேலை போய்விடும் என்று ஸ்கல்லி மிரட்டியதாக ஃபாஸ்டர் பின்னர் சொன்னார். எம்.பி.க்கள் அந்த எண் தெரியாமலேதான் விடியற்காலையில் வாக்களித்தார்கள். ஐந்து ஓட்டு வித்தியாசம் என்பதை நினைவில் வையுங்கள். (உண்மைச் செலவு பிறகு இரண்டு கணிப்புகளையும்விடக் குறைவாகவே வந்தது என்பது வேறு விஷயம். வாக்களிக்கும் நாளில் அரசிடமே இருந்த கணக்கை மறைத்தது அதனால் சரியாகிவிடாது.)

கட்டுப்பாடு ஒன்று: பெயரை எழுது

எளிதான வழி வெளிச்சம். யார், யாருக்காக, எந்த மசோதா பற்றி, எவ்வளவு செலவில் பேசுகிறார்கள் என்று பதிவு செய்யச் சொல்வது. அமெரிக்கா 1946-லேயே ஒரு சட்டம் போட்டது. ஓட்டைகள் நிறைந்த அது ஏட்டளவில் கிடந்தது. 1995-இல் லாபி வெளிப்படுத்தல் சட்டம் வந்தது. 2007 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும், இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

இதன் பலன் நம் ஊர் வரைக்கும் வந்ததுண்டு. 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றி இந்திய நாடாளுமன்றம் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, வால்மார்ட் அமெரிக்காவில் தாக்கல் செய்திருந்த அறிக்கைகள் செய்தியாயின. 2008 முதல் அந்த நிறுவனம் செலவழித்த சுமார் 2.5 கோடி டாலர் லாபிப் பணத்தின் விவகாரப் பட்டியலில் இந்தியச் சந்தையில் முதலீட்டு அனுமதியும் ஒன்று. அது அமெரிக்க அதிகாரிகளிடம் பல விஷயங்களுக்காகச் செய்த சட்டபூர்வமான செலவு என்றது நிறுவனம். எதிர்க்கட்சிகள் விடவில்லை, ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தியா பற்றிய லாபிச் செய்தி இந்தியர்களுக்குத் தெரியவந்ததே அமெரிக்கச் சட்டத்தின் தயவில்தான். இங்கே அப்படிப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் கிடையாது. 2013-இல் ஒடிசா எம்.பி. கலிகேஷ் சிங் தேவ் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு வழக்கமாக நேர்வதே அதற்கும் நேர்ந்தது.

சரி, அமெரிக்கச் சட்டத்தின் ஓட்டை எங்கே? ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலையில் இருபது சதவீதத்துக்குக் குறைவான நேரம்தான் லாபிக்குப் போகிறது என்றால் பதிவு செய்யத் தேவையில்லை. 'நான் லாபிக்காரன் இல்லை, ஆலோசகன்' என்று சொல்லிக்கொள்ளலாம். நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த டாம் டாஷல் 2004 தேர்தலில் தோற்ற பிறகு பெரிய சட்ட நிறுவனங்களுக்கு ஆலோசகரானார். லாபிக்காரர் என்று அவர் பதிவு செய்துகொண்டது 2016-இல். இடைப்பட்ட காலத்தில் அவர் விதியை மீறவில்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது.

இன்னொரு குறை, யாரை எப்போது சந்தித்தார்கள் என்பது அந்த அறிக்கையில் இருக்காது. 'பிரதிநிதிகள் சபை, செனட்' என்று எழுதினால் முடிந்தது. கனடாவில் 2008 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இதில் மேல்: உயர்நிலை அதிகாரிகளுடனும் அமைச்சர்களுடனும் ஏற்பாடு செய்து பேசிய பேச்சுகளை மாதாமாதம், பெயரோடும் தேதியோடும் பதிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் உறுப்பினர்கள் 2014 இறுதியிலிருந்து தங்கள் லாபிச் சந்திப்புகளைத் தாங்களே வெளியிடுகிறார்கள். பொறுப்பைப் பேச வருபவரிடம் மட்டும் விடாமல் கேட்பவர் மேலும் வைப்பது என்னைப் பொறுத்தவரை சரியான திசை. பதில் சொல்ல வேண்டியவர் மக்களிடம் சம்பளம் வாங்குபவர்தானே.

கட்டுப்பாடு இரண்டு: சாப்பாடும் சுற்றுலாவும்

இது பார்க்கச் சுவாரசியமானது, பலனில் சிறியது. ஜாக் அப்ரமாஃப் என்ற லாபிக்காரர் சூதாட்ட விடுதி நடத்தும் பூர்வகுடி மக்கள் அமைப்புகளிடம் கோடிக்கணக்கில் கறந்து, எம்.பி.க்களுக்கும் உதவியாளர்களுக்கும் தன் உணவகத்தில் விருந்து, விளையாட்டு அரங்கில் சொகுசு இருக்கை, ஸ்காட்லாந்துக்கு கோல்ஃப் பயணம் என்று வாரி இறைத்தார். 2006 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், சிறைக்குப் போனார். பாப் நே என்ற எம்.பி.க்கும் 30 மாதச் சிறை. அந்த அதிர்ச்சியில் 2007-இல் லாபிக்காரர்களிடமிருந்து எம்.பி.க்கள் பரிசும் விருந்தும் பெறத் தடை வந்தது.

தடைக்குள் ஒரு விலக்கு இருந்தது. வரவேற்பு நிகழ்ச்சிகளில் சாப்பாடு என்று சொல்ல முடியாத சிற்றுண்டி கொடுக்கலாம். நின்றுகொண்டு, பல்குச்சியில் குத்திச் சாப்பிடுகிற அளவு என்றால் பரவாயில்லை, உட்கார்ந்து முள்கரண்டியால் சாப்பிட்டால் தப்பு. வாஷிங்டனில் இதற்கே 'பல்குச்சி விதி' என்று பெயர். அப்புறம் விருந்துகள் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளாக உருமாறின. அங்கே லாபிக்காரர் சாப்பாடு வாங்கித் தருவதில்லை, தேர்தல் நன்கொடைக் காசோலையோடு வருகிறார். சாப்பாட்டுச் செலவை எம்.பி.யின் பிரச்சாரக் கணக்கு பார்த்துக்கொள்கிறது.

தேர்தல் பணத்தையே கட்டுப்படுத்தலாமே என்று தோன்றும். அங்கே உச்ச நீதிமன்றம் குறுக்கே நிற்கிறது. தேர்தலில் பணம் செலவழிப்பதும் பேச்சுரிமையோடு சேர்ந்தது என்று 1976 தீர்ப்பு. நிறுவனங்களும் கட்சிகளைச் சாராமல் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று 2010 தீர்ப்பு. இந்த இரண்டும் இருக்கும்வரை பெரிய மாற்றம் வராது.

அப்ரமாஃப் பற்றி இன்னொரு செய்தி: 2020-இல் மறுபடியும் மாட்டினார். இந்த முறை பதிவு செய்யாமல் லாபி செய்ததற்கு. அவர் வழக்கால் கடுமையாக்கப்பட்ட அதே சட்டத்தின் கீழ் குற்ற வழக்குக்கு ஆளான முதல் மனிதர் அவர்தான்.

கட்டுப்பாடு மூன்று: கதவைக் கொஞ்ச காலம் பூட்டு

சிறையிலிருந்து வந்த பிறகு 2011-இல் அப்ரமாஃப் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னது விருந்தையும் கோல்ஃபையும்விட முக்கியமானது. ஓர் எம்.பி.யின் மூத்த உதவியாளரோடு நெருக்கமானதும், 'இங்கே வேலை முடிந்ததும் எங்களிடம் வந்துவிடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்வாராம். அந்த நொடியிலிருந்து அந்த அலுவலகம் தன் கையில் என்றார். பணமே கொடுக்க வேண்டாம். நாளைய முதலாளி என்ன நினைப்பார் என்ற எண்ணமே அந்த உதவியாளரை நடத்திவிடும்.

பதவி விட்டவுடன் லாபிக்குப் போகத் தடை விதிக்கும் விதிகள் இதற்காகத்தான். அமெரிக்காவில் முன்னாள் செனட்டருக்கு இரண்டு ஆண்டு, பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கு ஒரே ஆண்டு. அந்தக் காலத்திலும் பழைய சகாக்களை நேரில் தொடர்புகொண்டு கேட்கத்தான் தடை. அலுவலகத்துக்குள் உட்கார்ந்து 'யாரை, எப்போது, எப்படிப் பார்க்கலாம்' என்று சொல்லிக்கொடுக்கலாம். கனடாவில் ஐந்து ஆண்டு.

அதிபர்களும் தங்கள் அதிகாரிகளுக்கு இதைவிடக் கடுமையான ஆணைகள் போட்டார்கள். 1993-இல் பதவியேற்ற நாளன்றே கிளின்டன் ஐந்தாண்டுத் தடை விதித்தார். 2000 டிசம்பர் இறுதியில், போகிற போக்கில் தானே ரத்து செய்தார். 2017-இல் டிரம்ப் ஐந்தாண்டுத் தடை விதித்தார். 2021 ஜனவரியில், பதவி முடியச் சில மணி நேரம் இருக்கும்போது அவரும் ரத்து செய்தார். தங்கள் ஆட்கள் வேலை தேடப் போகும் நேரத்தில் இருவருக்கும் ஒரே ஞானோதயம். போட்டவரே கிழிக்கக்கூடிய ஆணையை நம்பிப் பலனில்லை, நாடாளுமன்றம் சட்டமாகவே போட வேண்டும் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

யாரும் அதிகம் பேசாத கட்டுப்பாடு

மேலே சொன்ன எல்லாமே பேச வருபவரின் கையைக் கட்டுகிற வழிகள். கேட்பவர் சொந்தமாக விஷயம் தெரிந்தவராக இருந்தால் பாதிப் பிரச்சினை எழாது. இந்த இடத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது.

தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் என்று ஒன்று 1972-இல் உருவானது. விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் இருந்த சின்ன அலுவலகம். ஆண்டுச் செலவு சுமார் 2.2 கோடி டாலர். மருந்து, எரிசக்தி, ஆயுதம் என்று சிக்கலான விஷயங்களில் எந்தக் கட்சிக்கும் சாயாமல் எம்.பி.க்களுக்கு அறிக்கை எழுதித் தருவது அதன் வேலை. 1995-இல் செலவைக் குறைக்கிறோம் என்று அதை மூடினார்கள். பிரதிநிதிகள் சபைக் குழுக்களின் ஊழியர்களிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். லாபிக்காரர்களைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் நிறைவேறியதும் அதே 1995-தான். லாபிக்காரரின் பெயரை எழுதிக்கொண்டார்கள், அவர் சொல்வது சரியா என்று சொல்லக்கூடியவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மிச்சப்படுத்திய தொகையை மருந்துத் துறையின் ஓராண்டு லாபிச் செலவோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு சிறியது என்று தெரியும். எம்.பி.க்களுக்கு ஊழியர் கூட்டு, ஆய்வு அலுவலகத்துக்குப் பணம் கொடு என்று சொன்னால் மக்களிடம் கைதட்டல் கிடைக்காது. 'அரசியல்வாதிகளுக்கு இன்னும் செலவா' என்பார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் மலிவான கட்டுப்பாடாகத் தோன்றுகிறது. பதிவேட்டைப் பார்க்கப் பத்திரிகையாளர் வேண்டும், தடையை மீறுபவரைப் பிடிக்க வழக்கறிஞர் வேண்டும். உள்ளேயே கணக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால், காகிதம் மேசைக்கு வரும்போதே கேள்வி எழும்.

அந்த வரி என்ன ஆனது?

2009-இல் ஒபாமா தன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அந்த வரியைத் தொடவில்லை. மருந்து நிறுவனங்கள் பத்தாண்டுகளில் 8,000 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுப்பதாக வெள்ளை மாளிகையோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. எதிர்த்தரப்பில் உட்கார்ந்து அதைப் பேசி முடித்தவர் யார்? அதே பில்லி டாசின்.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத்தான் அது உடைந்தது. அந்த வரியை வெறுமனே நீக்கினால் பெரிய பலன் இருக்காது என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் முன்பே சொல்லியிருந்தது. மறுக்கும் வலு இல்லாதவர் பேரம் பேசி என்ன பயன்? அதனால் 2022 சட்டத்தில் பேச்சுவார்த்தைக்கு வர மறுக்கும் நிறுவனத்தின் விற்பனை மீது 95 சதவீதம் வரை போகக்கூடிய வரியை வைத்தார்கள். விலை பேசுவதால் பத்தாண்டுகளில் சுமார் 9,850 கோடி டாலர் மிச்சமாகும் என்று அதே அலுவலகம் கணக்குக் கொடுத்தது. இந்த முறை எண்கள் மறைக்கப்படவில்லை, எல்லார் மேசையிலும் இருந்தன. செனட்டில் 50-50, துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டில் நிறைவேறியது. ஆகஸ்ட் 16-இல் பைடன் கையெழுத்திட்டார்.

முழு வெற்றி இல்லை. முந்தைய ஆண்டு பிரதிநிதிகள் சபைக் குழுவில் ஆளுங்கட்சியின் மூன்று பேரே எதிர்த்ததால் திட்டம் சுருங்கியது. முதல் சுற்றில் பத்து மருந்துக்கு மட்டும் என்று ஆனது. மாத்திரை என்றால் சந்தைக்கு வந்து ஒன்பது ஆண்டு, உயிரணுக்களிலிருந்து தயாரிக்கும் உயிரியல் மருந்து என்றால் பதின்மூன்று ஆண்டு ஆன பிறகே பேசிய விலை நடைமுறைக்கு வரும். நிறுவனங்கள் வரிசையாக நீதிமன்றத்துக்கும் போயின. ஆனாலும் 2024 ஆகஸ்டில் முதல் பத்து மருந்துகளின் விலை வெளியானபோது குறைப்பு 38 முதல் 79 சதவீதம் வரை இருந்தது. சர்க்கரை நோய்க்கான ஜனுவியா, ஒரு மாத மருந்துக்கு 527 டாலர் பட்டியல் விலை. பேசி முடித்தது 113 டாலர். 2026 ஜனவரி 1 முதல் அந்த விலைகள் நடைமுறைக்கு வந்தன.

அதற்கு முன்பே லாபிக்காரர்கள் அடுத்த வேலையைத் தொடங்கியிருந்தார்கள். 2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட மாபெரும் வரி-செலவுச் சட்டத்தின் நடுவே ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. அரிய நோய்களுக்கான மருந்துகளில் இன்னும் பலவற்றுக்கு விலைப் பேச்சிலிருந்து அது விலக்கு அளிக்கிறது.